சிறைக்கதவைத் திறக்கலாமா? பிரிட்டனின் பரோல் வாரியத்தில் பகுதிநேர உறுப்பினராவது எப்படி

"ஆயுள் கைதியை விடுவிக்க பரோல் வாரியம் உத்தரவு" என்று லண்டனிலிருந்து ஒரு செய்தி வரும்போதெல்லாம் சில கேள்விகள் கிளம்பும். பரோல் என்றால் சில நாள் விடுப்புதானே? நீதிபதி கொடுத்த தண்டனையை வேறு யாரோ எப்படி முடித்துவைக்கிறார்கள்? அந்த யாரோவில் பலர் வழக்கறிஞர்கூட இல்லையாமே? இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான பரோல் வாரியத்தை வைத்து இதை அடியிலிருந்து பார்ப்போம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி அமைப்புகள் உண்டு.

## ஒரே சொல், இரண்டு பொருள்

தமிழ்நாட்டில் நாம் பரோல் என்று சொல்வது சட்டப்படி விடுப்பு. 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் அதைச் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று பிரிக்கின்றன. வீட்டில் கல்யாணம், சாவு, நோய் என்று ஒரு காரணத்துக்காகக் கைதி வெளியே வருவார், நாள் முடிந்ததும் திரும்பிப் போவார்.

பிரிட்டனில் பரோல் என்பது தண்டனையின் மீதிக் காலத்தைச் சமூகத்தில், கண்காணிப்பின் கீழ் கழிப்பது. திரும்பிப் போகும் தேதி கிடையாது. ஆனால் 'லைசென்ஸ்' எனப்படும் நிபந்தனைப் பத்திரம் உண்டு. அதை மீறினால் மறுபடி சிறை. ஆயுள் தண்டனை பெற்றவருக்கு இந்த லைசென்ஸ் சாகும்வரை நீடிக்கும்.

## யாருடைய வழக்கு வாரியத்துக்கு வருகிறது?

எல்லாக் கைதிகளும் வாரியத்தின் முன் வருவதில்லை. குறிப்பிட்ட கால தண்டனை பெற்ற பெரும்பாலோர், தண்டனையில் சட்டம் சொல்லும் பகுதி முடிந்ததும் தாமாகவே விடுதலையாகிவிடுவார்கள். வாரியம் பார்ப்பது முக்கியமாக இவர்களை:

1. ஆயுள் கைதிகள். நீதிபதி விதித்த குறைந்தபட்சக் காலம் முடிந்த பிறகே இவர்கள் வர முடியும்.
2. 'ஐ.பி.பி.' எனப்படும் பொதுமக்கள் பாதுகாப்புக்கான காலவரையற்ற தண்டனை பெற்றவர்கள். 2005இல் நடைமுறைக்கு வந்து 2012இல் ஒழிக்கப்பட்ட தண்டனை இது. ஏற்கெனவே பெற்றவர்களுக்கு ஒழியவில்லை.
3. ஆபத்தானவர் என்று கருதி நீட்டிக்கப்பட்ட தண்டனை பெற்றவர்கள்.
4. லைசென்ஸில் வெளியே போய், மீண்டும் சிறைக்குத் திருப்பி அழைக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர். இதைத்தான் 'ரீகால்' என்கிறார்கள்.

இந்தப் பிரிவு தெரியாததால் வாரியத்தின் மீது வீண்பழி விழுவதும் உண்டு. 2019 நவம்பர் 29 அன்று லண்டன் ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில் இருவரைக் குத்திக் கொன்ற உஸ்மான் கான், ஒரு வருடம் முன்பு பயங்கரவாதக் குற்றத்துக்கான 16 ஆண்டு தண்டனையில் பாதியில் வெளியே வந்தவர். விடுவித்தது யார் என்று பலர் கேட்டார்கள். வாரியத்தின் எந்த விசாரணைக் குழுவும் அல்ல. சட்டப்படி தானாக நடந்த விடுதலை அது. அதற்குப் பிறகு, 2020இல் அவசரமாகக் கொண்டுவந்த சட்டம்தான் அத்தகைய கைதிகளை வாரியத்தின் முன் நிறுத்தியது.

## கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்

பொதுமக்களின் பாதுகாப்புக்காக இந்த மனிதர் இனியும் அடைபட்டிருக்க வேண்டியது அவசியமா? அவசியமில்லை என்று குழு திருப்தியடைந்தால் மட்டுமே விடுதலைக்கு உத்தரவிட முடியும். சட்டம் தரும் அளவுகோல் இவ்வளவுதான்.

இதில் என்ன இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்த குற்றத்துக்கு இத்தனை ஆண்டு போதுமா என்ற கேள்வி இல்லை. அது நீதிபதி குறைந்தபட்சக் காலத்தை விதித்தபோதே முடிந்துவிட்டது. சிறையில் நல்ல பிள்ளையாக இருந்ததற்குப் பரிசும் இல்லை. சிறையில் இடநெருக்கடி என்பதும் கணக்கில் வராது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் "நான் செய்யவில்லை" என்று இன்றும் சொல்பவரை, அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மறுக்கவும் கூடாது. தீர்ப்பு சரி என்று வைத்துக்கொண்டே ஆபத்தை எடைபோட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரக்கமுள்ளவர் கைதியின் வயதையும் நோயையும் பார்த்து இளகுவார். கண்டிப்பானவர் குற்றத்தின் கொடூரத்தைப் படித்துவிட்டு மேற்கொண்டு நகர மாட்டார். இருவருமே சட்டம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

## ஏன் வெளியாட்கள்? ஏன் பகுதிநேரம்?

வாரியம் 1968இல் செயல்படத் தொடங்கியபோது உள்துறை அமைச்சருக்கு ஆலோசனை சொல்வது மட்டுமே அதன் வேலை. முடிவு அமைச்சர் கையில் இருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காக அதை மாற்றியது. 2002இல் ஸ்டாஃபர்ட் வழக்கில், கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவரைத் தொடர்ந்து அடைத்துவைப்பதையும் அரசியல்வாதி முடிவு செய்யக் கூடாது, நீதிமன்றத் தன்மை கொண்ட சுதந்திரமான அமைப்பே செய்ய வேண்டும் என்றது. ஆக, இன்று மூன்று பேர் கொண்ட குழு ஒரு காணொளித் திரைக்கு முன் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது, அவர்கள் செய்வது நீதிமன்ற வேலை.

இந்தச் சுதந்திரம் காகிதத்தில் இருந்தால் போதாது. 2018இல் வேகன்ஷா வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம், உறுப்பினர்களின் குறுகிய பதவிக்காலமும், அமைச்சர் நினைத்தால் நீக்கலாம் என்ற நிலையும் சேர்ந்து சுதந்திரத்தைக் குலைக்கின்றன என்று தீர்ப்பளித்தது. அடுத்த நியமனம் கிடைக்குமா என்ற கவலையோடு இருப்பவர், நாளைய நாளிதழ் தலைப்பை நினைத்துக்கொண்டு முடிவெடுக்கக்கூடும் அல்லவா?

உறுப்பினர்களை நான்கு வகையாகப் பார்க்கலாம்: பணியிலிருக்கும் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிகள், உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள், 'சுயேச்சை உறுப்பினர்கள்' எனப்படும் பொது உறுப்பினர்கள். கடைசி வகையினர் நன்னடத்தைப் பணி, காவல்துறை, கல்வி, சமூகப்பணி, நிர்வாகம் என்று பல துறைகளிலிருந்து வருகிறார்கள். சட்டப் பட்டம் கட்டாயமில்லை. இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. பார்த்த வேலைக்கு ஏற்பக் கட்டணம்.

## விண்ணப்பத்திலிருந்து முதல் விசாரணை வரை

1. விளம்பரம். ஆட்சேர்ப்பு எப்போதும் திறந்திருப்பதில்லை. அரசின் பொது நியமனங்களுக்கான இணையதளத்தில் அறிவிப்பு வரும்போது மட்டுமே விண்ணப்பிக்கலாம். எந்த வகை உறுப்பினர் தேவை என்பது முறைக்கு முறை மாறும்.

2. எழுத்து. தன்விவரத்துடன், கேட்கப்பட்ட ஒவ்வொரு தகுதிக்கும் சான்று காட்டும் அறிக்கை தேவை. "நான் நியாயமானவன்" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். முரண்பட்ட தகவல்களை வைத்து, பின்விளைவுள்ள ஒரு முடிவை எடுத்து, அதைக் காரணத்தோடு எழுதிய அனுபவம் வேண்டும். தொழிலாளர் தகராறை விசாரித்தவருக்கும் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்தவருக்கும் இது கைவசம் இருக்கும்.

3. தேர்வும் நேர்காணலும். பெரிய ஆவணக் குவியலைப் படித்து முக்கியமானதைப் பிரித்தெடுக்கும் திறனைச் சோதிப்பார்கள். நேரம் போதாமல் போவதுதான் சாதாரணமாக நடக்கும் தவறு.

4. நியமனம். தேர்வுக் குழு பரிந்துரைத்தாலும் நியமிப்பவர் நீதித்துறை அமைச்சர். பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. கைதிகளுக்காக வாதாடும் சட்ட நிறுவனத்தில் வேலை, சிறை ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்தில் பங்கு போன்றவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

5. பயிற்சி. வகுப்பு, பிறகு விசாரணைகளைப் பார்வையிடல், பிறகு வழிகாட்டியின் துணையோடு சக உறுப்பினராக அமர்வது. தலைமை தாங்கவும், ஆவணங்களை மட்டும் படிக்கும் காகித நிலையில் தனியாக முடிவெடுக்கவும் தனித்தனித் தகுதி பெற வேண்டும்.

பிரிட்டனில் வாழும் தமிழர்கள் இந்த அறிவிப்புகளைக் கவனிப்பது நல்லது. கறுப்பின, ஆசியச் சமூகங்களிலிருந்து உறுப்பினர்கள் போதவில்லை என்று வாரியமே ஒப்புக்கொண்டு, அவர்களை நாடி ஆட்சேர்ப்பு நடத்தியிருக்கிறது.

## முதலில் காகிதம்

ஒவ்வொரு வழக்கும் முதலில் ஓர் உறுப்பினரின் மேசைக்குப் போகும். அவர் ஆவணங்களை மட்டும் படித்து மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: மறுக்கலாம், விடுவிக்கலாம், வாய்மொழி விசாரணைக்கு அனுப்பலாம். 2013இல் ஆஸ்பர்ன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயம் கோரும் எந்த இடத்திலும் வாய்மொழி விசாரணை தர வேண்டும், செலவை மிச்சப்படுத்த மறுக்கக் கூடாது என்று சொன்ன பிறகு விசாரணைகள் பெருகின. வழக்குகள் தேங்கவும் செய்தன.

விசாரணைக்கு அனுப்புபவரின் உத்தரவு துல்லியமாக இருக்க வேண்டும். யார் சாட்சி, எந்த அறிக்கை, எந்தத் தேதிக்குள், உளவியல் நிபுணர் குழுவில் தேவையா, எவ்வளவு நேரம். "புதிய அறிக்கை தேவை" என்று மொட்டையாக எழுதினால், ஏழு மாதம் கழித்துப் பழைய அறிக்கையே தேதி மாற்றி வரும்.

## ஒரு கட்டைப் பிரித்துப் பார்ப்போம்

வழக்குக் கட்டு சில நூறு பக்கம் இருக்கும். தண்டனை வழங்கிய நீதிபதியின் கருத்துரை, முந்தைய குற்றப் பட்டியல், சிறைக்குள் இருக்கும் அலுவலரின் அறிக்கை, வெளியே கண்காணிக்கப்போகும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, உளவியல் மதிப்பீடு, பாதுகாப்புத் தகவல், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் எல்லாம் அதில் அடக்கம்.

விளங்குவதற்காக ஒரு கற்பனை வழக்கு. மனைவியைக் கொன்ற ஒருவர். வயது 49. குறைந்தபட்சக் காலம் 15 ஆண்டு, அது முடிந்துவிட்டது. அதற்கு முன் ஒரு குற்றமும் இல்லை.

முதலில் கண்ணில் படுவது 'ஓ.ஜி.ஆர்.எஸ்.' என்ற எண். வயது, பாலினம், முந்தைய தண்டனைகள் ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் கணக்கு அது. இவருக்கு மிகக் குறைவாகத்தான் வரும். புதியவர் அங்கேயே ஏமாந்துபோவார். அந்த எண் சொல்வது மறுபடி ஏதாவது ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெறும் வாய்ப்பை. நடந்தால் எவ்வளவு பெரிய கேடு என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது 'கடுமையான தீங்கு' பற்றிய தனி மதிப்பீடு: குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று நான்கு படி. ஒன்றில் குறைவாகவும் மற்றதில் அதிகமாகவும் ஒரே ஆள் இருக்க முடியும். மனைவியைக் கொன்றவர்கள் பலர் அப்படித்தான்.

அடுத்து உளவியல் மதிப்பீடு. வன்முறைக்குப் பரவலாகப் பயன்படும் 'எச்.சி.ஆர்-20' கருவியில் 20 அம்சங்கள்: கடந்த காலம் பற்றி 10, இப்போதைய மனநிலை பற்றி 5, இனி வரப்போகும் சூழல் பற்றி 5. முதல் பத்து பெரும்பாலும் மாறாது. குழு தோண்ட வேண்டியது பின்னால் வரும் பத்தில்.

இவரிடம் வகுப்பு முடித்த சான்றிதழ்கள் வரிசையாக இருக்கின்றன. கோபத்தை அடக்குதல், குடியை விடுதல், உறவுகளில் வன்முறை. பாதுகாப்புத் தகவல் பக்கத்தில், எளிதில் கண்ணில் படாத இடத்தில், இரண்டு வரி: ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் 14 முறை தொலைபேசியில் அழைத்தார், அவர் எடுக்காதபோது அவருடைய தங்கைக்கு அழைத்தார். சிறை விதிப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆனால் அவர் கொன்றது பொறாமையில், மனைவி போன் எடுக்காத ஒரு நாளில் என்பது நீதிபதியின் கருத்துரையில் இருக்கிறது. முந்நூறு பக்கம் தள்ளியிருக்கும் அந்த இரண்டு இடங்களையும் இணைத்துப் பார்ப்பதற்குத்தான் உறுப்பினருக்குக் கட்டணம் கொடுக்கிறார்கள்.

## விசாரணை நாள்

2020 கொரோனா காலத்துக்குப் பிறகு பெரும்பாலான விசாரணைகள் காணொளியில் நடக்கின்றன. குழுவில் ஒருவர் முதல் மூவர் வரை. கைதிக்கு வழக்கறிஞர் இருப்பார். கேள்விப் பகுதிகளை உறுப்பினர்கள் முன்கூட்டியே பிரித்துக்கொள்வார்கள்.

மேலே சொன்ன மனிதரிடம் "திருந்திவிட்டீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை. ஆம் என்பார். "அன்று 14 முறை அழைத்தீர்களே, நான்காவது முறைக்கும் ஐந்தாவது முறைக்கும் நடுவில் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டால் வகுப்பில் கற்றது உள்ளே போயிருக்கிறதா என்று தெரியும். "வகுப்பில் சொன்னதை நினைத்தேன், ஆனாலும் அழைத்தேன், மறுநாள் அலுவலரிடம் நானே போய்ச் சொன்னேன்" என்பது ஒரு பதில். "அவள் எடுத்திருக்கலாமே" என்பது இன்னொரு பதில்.

நன்னடத்தை அலுவலரிடம் கேட்க வேண்டியது வெளித்திட்டம். எங்கே தங்குவார்? அங்கீகரிக்கப்பட்ட விடுதி என்றால் இடம் உறுதியா? அங்கே பொதுவாகச் சில மாதங்களுக்கு மேல் இருக்க முடியாது, பிறகு எங்கே? புதிய உறவு தொடங்கினால் யாருக்கு, எப்போது சொல்ல வேண்டும்? தடை செய்யப்பட்ட பகுதியின் எல்லை எந்தத் தெரு வரை? ஜி.பி.எஸ். பட்டை எத்தனை மாதம்? விடுதிக்குப் பிறகு என்ன என்பதற்குப் பதிலில்லாத திட்டங்கள் ஏராளம். ஆள் திருந்தியிருந்தும் திட்டம் ஓட்டையாக இருப்பதால் மறுக்க நேர்வது இந்த வேலையின் மிகக் கசப்பான பகுதி.

பாதிக்கப்பட்ட குடும்பம் தன் வாக்குமூலத்தை வாசிக்கலாம். அதைக் கேட்டுக் கலங்காதவர் இருக்க முடியாது. ஆனால் அது ஆபத்துக்கான சான்று ஆகாது. லைசென்ஸில் யாரை அணுகக் கூடாது, எங்கே போகக் கூடாது என்ற நிபந்தனைகளுக்கே அது நேரடியாகப் பயன்படும். இதைக் குடும்பத்துக்கு யாரும் முன்கூட்டியே ஒழுங்காக விளக்காவிட்டால், அவர்கள் இரண்டாம் முறை காயப்படுகிறார்கள்.

## முடிவும் அதன் எழுத்தும்

விசாரணை முடிந்த 14 நாளுக்குள் எழுத்தில் காரணங்கள் போக வேண்டும். விடுதலை, மறுப்பு ஆகியவற்றுடன் மூன்றாவது வழியும் உண்டு: ஆயுள் கைதியைத் திறந்தவெளிச் சிறைக்கு மாற்றலாம் என்ற பரிந்துரை. இது பரிந்துரை மட்டுமே; அமைச்சர் ஏற்கலாம், மறுக்கலாம்.

2019 ஜூலை முதல், பல வகை முடிவுகள் 21 நாள் தற்காலிகமானவை. கைதியோ அமைச்சரோ மறுபரிசீலனை கேட்கலாம். காரணம், சட்டப்பிழை, நடைமுறை அநீதி, அறிவுக்கு ஒவ்வாத முடிவு ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது செல்லாது. காரணங்களைச் சோம்பலாக எழுதிய குழு இங்கேதான் மாட்டிக்கொள்ளும். உளவியலாளர் விடுவிக்கச் சொல்லி, குழு மறுத்தால், ஏன் உடன்படவில்லை என்பது பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

## பெரிதாகத் தவறியபோது

ஜான் வொர்பாய்ஸ் லண்டனில் டாக்சி ஓட்டியவர். 2009இல் 12 பெண்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டு, குறைந்தது 8 ஆண்டு என்ற ஐ.பி.பி. தண்டனை பெற்றார். அவரை விடுவிக்கக் குழு எடுத்த முடிவு 2018 ஜனவரியில் வெளியானது. பாதிக்கப்பட்ட இரு பெண்கள் வழக்குப் போட்டார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம் முடிவை ரத்து செய்தது. வாரியத் தலைவர் நிக் ஹார்ட்விக் அமைச்சரின் அழுத்தத்தில் பதவி விலகினார். அதே ஆண்டு நவம்பரில் புதிய குழு விடுதலையை மறுத்தது.

எங்கே பிசகியது? தண்டனையான குற்றங்களைத் தாண்டி, இன்னும் பல பெண்களின் புகார்கள் இருந்தன. தண்டனை ஆகாதவற்றைத் தொடக் கூடாது என்று குழு கருதியது. ஆனால் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதை நம்பத்தக்கதா என்று சோதிக்க அந்தப் பின்னணியை விசாரித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை எப்படிக் கையாள்வது என்பதை 2023இல் பியர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாக்கியது: உண்மையா என்று முடிவுசெய்ய முடியாவிட்டாலும், கைதிக்கு நியாயமாக நடந்துகொண்டு, ஆபத்தை எடைபோடும்போது குழு அதைக் கருத்தில் எடுக்கலாம்.

இன்னொரு விளைவு வெளிப்படைத்தன்மை. காரணங்களை வெளியிடுவதை அதுவரை விதியே தடுத்திருந்தது. நீதிமன்றம் அந்தத் தடையை உடைத்தது. இப்போது கேட்பவர்களுக்கு முடிவின் சுருக்கம் கிடைக்கிறது. 2022 முதல் சில விசாரணைகள் பொதுவிலும் நடக்கலாம்.

மறுபக்கத் தவறும் சிறியதல்ல. 2012இல் ஜேம்ஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கண்டித்தது, ஐ.பி.பி. கைதிகள் ஆபத்து குறைந்ததைக் காட்டத் தேவையான வகுப்புகளில் இடமே தராமல் அவர்களை அடைத்துவைத்ததை. வகுப்புக்குக் காத்திருந்தே பல ஆண்டு உள்ளே கிடந்தவர்களைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவதில்லை. விடுவிக்கப்பட்டவர்களில் கடுமையான குற்றத்துக்கு மீண்டும் தண்டிக்கப்படுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது வாரியம். அந்த ஒருவரின் பெயர் நாட்டுக்கே தெரியும். தேவையின்றி அடைபட்டவரின் பெயரை அவர் வீட்டுக்கு வெளியே யாரும் அறிய மாட்டார்கள்.

## விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பகுதிநேரம் என்ற சொல்லை நம்பி நாட்களை எண்ணினால் கணக்கு பிசகும். விசாரணை ஒரு நாள்; அதற்கு முன் கட்டைப் படிக்க ஒரு நாள் போகும். தலைவர் என்றால் முடிவை எழுத இன்னொரு நாள். தலைவராக மாதம் மூன்று விசாரணை ஏற்றால் ஒன்பது வேலைநாள் போய்விடும். கடைசி நிமிடத்தில் அறிக்கை வராமல் தள்ளிவைக்கப்பட்டால், படித்த நாள் வீண். மூன்று மாதம் கழித்து மறுபடி படிக்க வேண்டும்.

படிப்பது எதை என்பதையும் யோசிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை விவரம், குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை, வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள். வீட்டில் தனி அறை, பூட்டு, பிறர் கண்ணில் படாத திரை வேண்டும். வழக்கைப் பற்றி வீட்டாரிடம்கூடப் பேச முடியாது. முழுநேர வேலையில் இருப்பவர், நாள்காட்டியில் விசாரணை நாளோடு அதற்கு முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் சேர்த்தே அடைத்துவைக்க முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.